7.4-ஆ, 9.6-ஆ? மல்டிமீட்டர் காட்டும் வெப்பநிலையைச் சரிபார்த்த அனுபவம்

குளிர்நீர்க் குழாய் ஒன்றின் மேல், ஒரே இடத்தில், ஒரு விரல் இடைவெளியில் வெப்பநிலையை உணரும் இரண்டு தெர்மோகப்பிள் கம்பிகளை ஒட்டினோம். ஒன்றை என்னுடைய மல்டிமீட்டரிலும் மற்றதை என்னோடு பணிபுரியும் அண்ணனின் மல்டிமீட்டரிலும் சொருகினோம். அவருடைய மீட்டர் 7.4 டிகிரி செல்சியஸ் என்றது, என்னுடையது 9.6 டிகிரி என்றது. ஐந்து நிமிடம் காத்திருந்தும், ஒட்டிய டேப்பை மீண்டும் அழுத்தி, மேலே சுற்றியிருந்த நுரைப்பட்டையை இறுக்கிய பிறகும், இரண்டு எண்களும் தங்கள் இடத்தைவிட்டு நகரவில்லை. சமையலறையில் 2.2 டிகிரி வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது; கட்டடத்துக்கு 7 டிகிரியில் நீரைக் குளிர்வித்து அனுப்ப வேண்டிய சில்லர் இயந்திரத்தின் வேலையில் அது மிகப் பெரிய தொகை.

சிங்கப்பூரில் கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் நான் சில ஆண்டுகளாக இருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் இரண்டு வாரங்களாக ஒரே புகார் வந்துகொண்டிருந்தது: அறை குளிர்கிறது, ஆனால் ஈரப்பசை போகவில்லை, காகிதம்கூட நமுத்துப்போகிறது என்றார்கள். நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் குளிர்நீர் போதிய அளவு குளிர்ந்திருக்க வேண்டும். நீரின் வெப்பநிலை இரண்டு டிகிரி ஏறினாலே, அது ஓடும் ஏர்கான் சுருளில் படிந்து வடியும் தண்ணீரின் அளவு கண்கூடாகக் குறைந்துவிடும். ஆனால் சில்லரின் பேனல் 7.2 என்று காட்டிக்கொண்டிருந்ததால், குறை காற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எல்லோரும் வடிகட்டிகளையும் விசிறிகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

“தம்பி, பேனலும் என் மீட்டரும் ஒண்ணா நிக்குது, உன் மீட்டர் மட்டும்தான் தனியா நிக்குது. பழைய மீட்டர் வேற. எதை நம்புறது?” என்று அண்ணன் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய மீட்டர் நிறுவனம் புதிதாக வாங்கிக் கொடுத்தது; என்னுடையது சிம் லிம் டவரில் பல ஆண்டுகளுக்கு முன் நான் என் காசில் வாங்கியது. “அண்ணே, ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு போறேன், ஞாயித்துக்கிழமை ஐஸ்ல வச்சுப் பார்த்திடுறேன்” என்றேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் தம் மீட்டரைப் பெட்டியோடு கொடுத்தனுப்பினார்.

சரிபார்த்த முறையைச் சொல்வதற்கு முன், எதைச் சரிபார்க்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன். பள்ளியில் வெப்ப மின்னிரட்டை என்ற பெயரில் நாம் படித்ததுதான் தெர்மோகப்பிள். 1821-இல் சீபெக் என்ற அறிஞர், இரு வேறு உலோகங்களை இணைத்து வளையமாக்கி ஒரு சந்தியைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி விலகுவதைக் கண்டார். அதை அவர் காந்த விளைவு என்றே கருதினார், அது மின்னோட்டத்தால் நிகழ்கிறது என்று விளக்கியவர் எர்ஸ்டெட். இன்று மல்டிமீட்டருடன் பெரும்பாலும் வருவது கே வகைத் தெர்மோகப்பிள். நிக்கலும் குரோமியமும் கலந்த குரோமெல் ஒரு கம்பி, நிக்கலுடன் சிறிதளவு அலுமினியம் முதலியவை கலந்த அலுமெல் மற்றொரு கம்பி. அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் அளவே அது தரும். இந்த மின்னழுத்தம் முனையிலுள்ள குமிழில் பிறப்பதில்லை, வெப்பநிலை மாறும் கம்பிப் பகுதி முழுவதிலும் பிறக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால்தான் அடுப்பிலும் உலையிலும் பலமுறை சுட்ட கம்பியைக் குளிர்நீர் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நான் வற்புறுத்துவேன்; குமிழ் பளபளப்பாக இருந்தாலும் கம்பியின் குணம் மாறியிருக்கலாம்.

அடுத்தது, எனக்கு நெடுநாள் புரியாமலிருந்த செய்தி. தெர்மோகப்பிள் வெப்பநிலையைச் சொல்வதில்லை. இரண்டு முனைகளுக்கு இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே சொல்கிறது. ஒரு முனை குழாயில் இருக்கிறது, மற்ற முனை மீட்டரின் துளைகளில் இருக்கிறது. குளிர்சந்தி எனப்படும் இந்த இரண்டாவது முனை பூஜ்யம் டிகிரியில் இருப்பதாகக் கொண்டே அட்டவணைகள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் நம் மீட்டரின் துளைகளோ 24 டிகிரியிலோ 31 டிகிரியிலோ இருக்கின்றன. ஆகவே மீட்டருக்குள், துளைகளுக்குப் பக்கத்தில், ஒரு சிறிய உணரி வைக்கப்பட்டிருக்கும். அது துளைகளின் வெப்பநிலையை அளந்து சொல்ல, மீட்டர் அதற்குரிய மில்லிவோல்ட்டைக் கணக்கில் கூட்டிக்கொள்கிறது. திரையில் வரும் எண் இப்படி இரண்டு அளவீடுகளின் கூட்டுத்தொகை. தெர்மோகப்பிள் குறையின்றி இருந்தும், அந்தச் சிறிய உணரி இரண்டு டிகிரி தவறாகச் சொன்னால், திரையிலும் இரண்டு டிகிரி தவறு அப்படியே வந்து நிற்கும்.

திரையில் பத்தில் ஒரு பங்கு டிகிரி தெரிகிறது என்பதால் அளவும் அந்த அளவுக்குத் துல்லியம் என்று நம்புவது இயல்பு. மீட்டரின் கையேட்டை எடுத்துப் படித்தால் அந்த நம்பிக்கை தளர்ந்துவிடும். கையில் பிடிக்கும் மீட்டர்களில் ஒரு விழுக்காடும் அதனுடன் ஒரு டிகிரியும் என்ற அளவில் பிழை அனுமதிக்கப்படுவது வழக்கம். பெரும்பாலும் அதன் கீழே, இது தெர்மோகப்பிளின் பிழையைச் சேர்க்காத கணக்கு என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். கே வகைத் தெர்மோகப்பிளுக்கு அனைத்துலகத் தரம், முதல் வகுப்பில் 1.5 டிகிரியையும், இரண்டாம் வகுப்பில் 2.5 டிகிரியையும் இரு பக்கமும் அனுமதிக்கிறது. உயர் வெப்பநிலைகளில் விழுக்காட்டுக் கணக்கு. ஆக, 7 டிகிரியில் மீட்டர் 1.1 டிகிரியும் இரண்டாம் வகுப்புக் கம்பி 2.5 டிகிரியும் விலகினால், மொத்தம் 3.6 டிகிரி தவறிய பிறகும் இரண்டுமே விதிக்கு உட்பட்டவையே. எங்கள் இரு மீட்டர்களுக்கும் இடையிலிருந்த 2.2 டிகிரி வேறுபாட்டை மட்டும் வைத்து ஒன்றைப் பழுதென்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் பொதுவான, மாறாத மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும்.

அந்தச் சாட்சி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஐஸும் தண்ணீரும் சேர்ந்து, இரண்டும் சமநிலையில் இருக்கும்போது வெப்பநிலை பூஜ்யம் டிகிரி. ஆனால் ஒரு கிளாஸ் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியைப் போட்டு முனையை உள்ளே விட்டால் அது ஐஸ்நிலை ஆகாது. தண்ணீர் 4 டிகிரியை ஒட்டித்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், மேலே ஐஸ் மிதக்க, அடியில் 4 டிகிரி நீர் தங்கிவிடும். நேரே உறைபெட்டியிலிருந்து எடுத்த காய்ந்த ஐஸோ சுழியத்துக்குப் பல டிகிரி கீழே இருக்கும். ஐஸை நன்றாக நொறுக்கி, வாயகன்ற வெந்நீர்க் குடுவையை அடிவரை நிரப்பி, இடைவெளிகள் மட்டும் நிறையும்படி குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். ஐஸ் வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெரியத் தொடங்கும்போது கலவை பதமாகியிருக்கும். குழாய்த் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் உறைநிலையை நூறில் ஒரு பங்கு டிகிரி அளவுக்கே இறக்கும் என்பதால் நம் வேலைக்கு அது பொருட்டல்ல. ஆனால் பாத்திரத்தில் சமையல் உப்பு ஒட்டியிருக்கக் கூடாது. ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு கிட்டத்தட்ட 0.4 டிகிரியை இறக்கிவிடும். மீட்டருடன் வரும் கம்பியின் கண்ணாடியிழை உறை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் ஆகையால், முனையை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் கலவையின் நடுவே இறக்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் செய்த சோதனை வீணாயிற்று. ஏன் வீணாயிற்று என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் இந்தத் தவறு எவருக்கும் நேரும். இரவு முழுவதும் மீட்டர்கள் இரண்டும் ஏர்கான் ஓடிய படுக்கையறையில், 24 டிகிரியில் இருந்தன. காலையில் அவற்றை எடுத்துக்கொண்டு 30 டிகிரிச் சமையலறைக்கு வந்து உடனே சோதித்தேன். என் மீட்டர் சுழியத்துக்குக் கீழே 1.6 என்று காட்டியது. அண்ணனுடையது சுழியத்துக்குக் கீழே 4 டிகிரிக்கும் அப்பால் போயிற்று. இரண்டுமே கெட்டுவிட்டனவோ என்று ஒரு கணம் மனம் தளர்ந்தது. உண்மையில் நடந்தது இதுதான்: சொருகிய பிளக்கும் துளையின் உலோகமும் சமையலறையின் சூட்டை விரைவாக ஏற்றுக்கொண்டன, உள்ளே இருந்த உணரியோ பிளாஸ்டிக் கூட்டுக்குள் இன்னும் குளிராகவே இருந்தது. குளிர்சந்தி உண்மையில் இருந்த வெப்பநிலைக்கும் உணரி நினைத்துக்கொண்ட வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு அப்படியே பிழையாகத் திரையில் இறங்கிவிட்டது. ஏர்கான் போட்ட வேனிலிருந்து இறங்கி நேராக மொட்டைமாடிக் குளிர்கோபுரத்துக்கு ஏறி அளவெடுக்கும் நாள்களில் இதே பிழையை நாங்கள் எத்தனை முறை குறிப்பேட்டில் எழுதியிருப்போம் என்று நினைத்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இப்போது ஒரு மணி நேரமாவது மீட்டரை அளக்கும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். பிளக்கைக் கையால் பிடித்துக்கொண்டும் அளப்பதில்லை.

அடுத்த ஞாயிறு, மீட்டர்களை முந்தைய இரவே சமையலறை மேசையில் வைத்துவிட்டேன். ஐஸ் கலவையில் என் மீட்டர் 0.3 என்று நின்றது. அண்ணனுடைய புதிய மீட்டர் சுழியத்துக்குக் கீழே 1.9 என்று நின்றது. முனையை எடுத்து, கலவையைக் கிளறி, வேறு இடத்தில் இறக்கி மும்முறை பார்த்தேன். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எதுவும் மாறவில்லை.

இனி, குறை கம்பியிலா மீட்டரிலா என்பது கேள்வி. கம்பிகளை மாற்றிச் சொருகிப் பார்ப்பதைவிட எளிய வழி இதற்கு இல்லை. அவருடைய கம்பி என் மீட்டரில் 0.2 காட்டியது, என் கம்பி அவருடைய மீட்டரில் சுழியத்துக்குக் கீழே 1.8 காட்டியது. கம்பிகள் இரண்டும் தமக்குள் 0.1 டிகிரிதான் வேறுபட்டன. குறை மீட்டரோடு சேர்ந்து நகர்ந்தது, கம்பியோடு நகரவில்லை.

மீட்டருக்குள்ளும் எந்தப் பகுதி என்பதைக் கண்டுபிடிக்க, தெர்மோகப்பிளையே கழற்றிவிட்டு, இரண்டு துளைகளையும் ஒரு சிறு செம்புக் கம்பியால் இணைத்தேன். இரு துளைகளும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது செம்புக் கம்பி எந்த மின்னழுத்தத்தையும் தராது. மில்லிவோல்ட் பூஜ்யம் என்றால், மீட்டர் தன் உணரி சொல்லும் வெப்பநிலையை மட்டும் காட்டியாக வேண்டும். அதாவது, இந்நிலையில் திரையில் தெரிவது குளிர்சந்தி உணரியின் வாக்குமூலம். மேசையில் பக்கத்திலேயே வைத்திருந்த கண்ணாடி வெப்பமானி 30.1 என்றது. என் மீட்டர் 30.4 என்றது, அண்ணனுடையது 28.2 என்றது. ஐஸில் தெரிந்த அதே 1.9 டிகிரி இங்கும் நின்றது. எந்தப் பொருளும் வாங்காமல், அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது. கடையில் மீட்டர் வாங்கும்போதே இதைச் செய்து பார்த்துவிடலாம் என்பதால், நண்பர்கள் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஐஸ்நிலை ஒரு புள்ளி மட்டுமே. எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகுகிறதா, வெப்பநிலை ஏற ஏற விலகலும் ஏறுகிறதா என்று அறிய இரண்டாவது புள்ளி வேண்டும். அதற்குக் கொதிநீர் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது 1013 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தத்தில் மட்டுமே உண்மை. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கொதிநிலை ஏறத்தாழ 0.03 டிகிரி குறையும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும். நம் தீவில் இயற்கையான குன்றுகளில் உயர்ந்த புக்கிட் தீமாவே சுமார் 164 மீட்டர்தான் என்பதால், அங்கே ஏறிப்போய் அடுப்பு மூட்டினாலும் அரை டிகிரிதான் குறையும். சிங்கப்பூரின் காற்றழுத்தம் ஆண்டு முழுவதும் 1010-ஐ ஒட்டியே இருக்கிறது, புயல்கள் வந்து அதைக் குலைப்பதில்லை. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஒவ்வொரு நாளும் கடிகாரம்போல் இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலையும் இரவும் 10 மணியளவில் உச்சம், பிற்பகலும் விடியலும் 4 மணியளவில் தாழ்வு, இடையே மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு. இதோடு மாடியின் உயரமும் சேரும். எட்டரை மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் என்று குறையும். என் கைத்தொலைபேசியில் அழுத்தமானி இருப்பதால், இந்தக் கணக்குகள் எதுவும் இல்லாமல், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் அடுக்களையில் அந்த நேரத்தில் இருந்த அழுத்தத்தை நேரே படித்தேன். 1006 என்றது. அதற்குரிய கொதிநிலை 99.8 டிகிரி.

தானே அணைந்துவிடும் மின்கேத்தல் இதற்கு உதவாது. அடுப்பில் பாத்திரம் வைத்து நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, முனை அடியிலோ பக்கத்திலோ படாமல் நடுவில் தொங்கும்படி கட்டினேன். ஆவி மீட்டரின் மேல் அடிக்காமல் கம்பியின் முழு நீளத்துக்கும் தள்ளி வைத்தேன். என் மீட்டர் 100.2, அண்ணனுடையது 97.8. பூஜ்யத்திலும் நூறிலும் அவருடையது ஏறத்தாழ 2 டிகிரி குறைவாகவே காட்டியது, விலகல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மீட்டருக்குள் அந்தச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் மின்பெருக்கி சரியாக இருக்கிறது, குளிர்சந்தி உணரி மட்டும் தவறு என்பதற்கு இது தெளிவான அடையாளம்.

அதை உறுதிசெய்துகொள்ள இன்னொரு சோதனையும் செய்தேன். மின்னணுவியலில் ஆர்வம் இல்லாதவர்கள் இந்தப் பத்தியைக் கடந்துபோகலாம். ஒரு பென்சில் மின்கலத்துடன் 10,000 ஓம் தடையையும் 20 ஓம் தடையையும் தொடராக இணைத்து, 20 ஓம் தடையின் இரு முனைகளிலிருந்து செம்புக் கம்பிகளை மீட்டரின் தெர்மோகப்பிள் துளைகளுக்குக் கொண்டுபோனேன். மில்லிவோல்ட் வரம்பில் பத்தில் ஒரு மில்லிவோல்ட் வரைதான் தெரியும் மீட்டரால் இந்தச் சிறிய அழுத்தத்தை அளப்பது வீண். அந்த வரம்பின் கடைசி இலக்கமே 2.4 டிகிரிக்குச் சமம். ஆகவே மின்கலத்தையும் தடைகளையும் தனித்தனியே அளந்து கணக்கிட்டேன்: 1.52 வோல்ட்டுக்கு 3.034 மில்லிவோல்ட் வந்தது. கே வகை அட்டவணையில் 30 டிகிரிக்கு 1.203, 100 டிகிரிக்கு 4.096 மில்லிவோல்ட். என் மீட்டர் தன் துளைகள் 30.4 டிகிரி என்று நம்புகிறது, அதற்கு 1.219, இரண்டையும் கூட்டினால் 4.253, அதாவது 103.8 டிகிரி. திரையில் 103.9 வந்தது. 28.2 என்று நம்பும் அண்ணனின் மீட்டருக்கு 101.6 வர வேண்டும், 101.7 வந்தது. தான் நம்பியதைக் கொண்டு அது பிழையின்றிக் கணக்குப்போட்டிருக்கிறது, நம்பியதுதான் தவறு.

திங்கள்கிழமை காலை அண்ணனிடம் முடிவுகளை எழுதிய தாளை நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “அப்போ தண்ணி 9.3-ஆ?” என்றார். ஆம், என் மீட்டரின் 0.3-ஐக் கழித்தாலும், அவருடையதில் 1.9-ஐக் கூட்டினாலும் குழாயில் ஓடிய நீர் 9.3 டிகிரிதான். அப்படியானால் 7.2 என்று காட்டிய பேனல்? அதைத் திறந்து பார்த்தபோது, குளிர்நீர் வெளியேறும் பக்கத்து வெப்பநிலை உணரியான தெர்மிஸ்டரின் இணைப்பானில் ஈரம் புகுந்து பச்சை படர்ந்திருந்தது. வெப்பநிலை குறையக் குறையத் தடை கூடும் வகைத் தெர்மிஸ்டர் அது. இணைப்பானின் துருவால் கூடுதலாகச் சேர்ந்த இரண்டு கிலோஓம் சொச்சம் தடையை, நீர் இன்னும் குளிராக இருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் கருவி படித்துக்கொண்டது. அறையின் ஈரம் போகாததற்குக் காரணம் அந்த இணைப்பான். பேனலும் புதிய மீட்டரும் வெவ்வேறு காரணத்தால் ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு தவறியிருந்தன. இருவர் ஒத்துச் சொன்னதால் நாங்கள் மூன்றாமவரைப் பொய்யர் என்று தள்ளியிருப்போம்.

இந்தக் குறை இரண்டு வாரம் மறைந்திருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சில்லர் எவ்வளவு வெப்பத்தை நீக்குகிறது என்பதை, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை வைத்துக் கணக்கிடுவோம். அண்ணன் ஒரே மீட்டராலும் ஒரே கம்பியாலும் இரண்டு இடத்தையும் அளந்தார்: 7.4, 12.0. வேறுபாடு 4.6. உண்மையான அளவுகள் 9.3, 13.9, வேறுபாடு அதே 4.6. கழிக்கும்போது பிழையும் கழிந்துபோகிறது என்பதால், எங்கள் வெப்பக் கணக்கு ஒவ்வொரு நாளும் ஒழுங்காகவே வந்தது. வேறுபாட்டை அளக்க ஒரே மீட்டரையும் ஒரே கம்பியையும் பயன்படுத்துவது நல்ல பழக்கம், அதை விடச் சொல்லமாட்டேன். ஒரு முனையை அவர் மீட்டரிலும் மறுமுனையை என் மீட்டரிலும் அளந்திருந்தால் 6.8 என்று வந்திருக்கும், நாங்கள் நீரோட்டக் கணக்கையே சந்தேகித்திருப்போம். ஆனால் வேறுபாடு சரியாக வருவது, தனி அளவு சரி என்பதற்குச் சான்றாகாது.

மீட்டரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, குழாயின் மேல் முனையை ஒட்டும் வேலையை விட்டுவிடக் கூடாது. களத்தில் பெரிய பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. 9 டிகிரிக் குழாயின் மேல் 32 டிகிரிக் காற்றில் ஒரு குமிழை மட்டும் டேப்பால் ஒட்டினால், கம்பி வழியே சூடு இறங்கி வந்து குமிழைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மீட்டர் நீருக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். வண்ணப்பூச்சையும் வியர்த்த நீரையும் துடைத்துவிட்டு, குமிழோடு சேர்த்துக் கம்பியையும் ஒரு சாண் நீளத்துக்காவது குழாயை ஒட்டியே ஓடவிட்டு, அதன் மேல் நுரைப்பட்டையை இடைவெளியின்றிச் சுற்ற வேண்டும். மெல்லிய கம்பியாக இருந்தால் இன்னும் நல்லது.

கம்பி எட்டவில்லை என்று செம்பு வயரால் நீட்டிக்கொள்ளும் பழக்கத்தையும் பல இடங்களில் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் குளிர்சந்தி மீட்டரிலிருந்து அந்த முடிச்சுக்கு இடம்பெயர்ந்துவிடும். முடிச்சு மோட்டாரின் பக்கத்தில் 35 டிகிரியிலும் மீட்டர் 24 டிகிரி அறையிலும் இருந்தால் அளவு 11 டிகிரி குறைந்து தெரியும். நீட்டுவதானால் கே வகைக்கே உரிய நீட்டுக் கம்பியை வாங்க வேண்டும், நிறத்தையும் பார்த்து இணைக்க வேண்டும். இந்த நிறம் ஒரு தனித் தொல்லை: அனைத்துலகத் தரத்தில் கே வகைக்குப் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை, அமெரிக்க முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பு என்றாலே நேர்முனை என்று பழகிய நம் கை அமெரிக்கக் கம்பியைத் தலைகீழாகவே இணைக்கும். 25 டிகிரி அறையில் கொதிநீரைத் தலைகீழ் இணைப்பில் அளந்தால் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 56 என்று காட்டும், யாரும் ஏமாறமாட்டார்கள். ஆனால் மீட்டர் அதே 25 டிகிரியில் இருக்க, முனை 27 டிகிரிக் காற்றை அளந்தால் 23 என்று காட்டும். ஏர்கான் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். முனையைக் கையில் பிடித்து எண் ஏறுகிறதா என்று பார்த்தால் இந்தத் தவறு உடனே வெளிப்பட்டுவிடும்.

பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவில் ஒரு புள்ளி வேண்டும் என்பவர்களுக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சல் வெப்பமானி கைகொடுக்கும். உடல் வெப்பநிலையை ஒட்டிய வரம்பில் அது 0.1 டிகிரித் துல்லியத்துக்குச் செய்யப்பட்ட கருவி. தெர்மோகப்பிளோடு அந்த வரம்பில் அதற்குப் போட்டியே இல்லை. குடுவையில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, இரண்டின் முனைகளையும் ஒட்டிப் பிடித்துக் கிளறினேன். வெப்பமானி 38.2, என் மீட்டர் 38.5, அண்ணனுடையது 36.3. இதைவிட நேர்த்தியான புள்ளி ஒன்றும் உண்டு, அது கேலியம் என்ற உலோகம். அதன் உருகுநிலை 29.7646 டிகிரி, 1990-ஆம் ஆண்டின் அனைத்துலக வெப்பநிலை அளவுகோலில் அது நிலைப்புள்ளிகளுள் ஒன்று. குளிர்நாடுகளில் உள்ளங்கையில் வைத்து உருக்கிக் காட்டும் அந்த உலோகம், என் அலமாரியில் பிற்பகல்களில் தானாகவே உருகிக் கிடக்கிறது. பாதி உருகிய கேலியத்தில் முனையை வைத்தால் உருகி முடியும்வரை எண் அசையாது. அலுமினியத்தைச் சிதைத்துவிடும் என்பதால் ஏர்கான் சுருளின் பக்கமோ அலுமினியப் பாத்திரத்தின் பக்கமோ அதைக் கொண்டுபோகக் கூடாது.

வீட்டுச் சோதனைகள் ஒரு மீட்டரை நம்பலாமா கூடாதா என்று சொல்லும். வாடிக்கையாளரிடம் காட்டும் சான்றிதழுக்கு அவை மாற்றாகா. சிங்கப்பூரில் அளவைகளின் தேசியத் தரங்களைப் பேணுவது ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் கீழுள்ள தேசிய அளவையியல் நிலையம்; ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரத்தின்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் கட்டணத்துக்குச் சரிபார்த்துத் தருகின்றன. அனுப்பும்போது ஒன்றைக் கேட்டுவாங்க வேண்டும்: மீட்டரை மட்டும் மின்னழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்களா, கம்பியோடு சேர்த்து நீர்த்தொட்டியில் சோதிப்பார்களா? நாம் களத்தில் பயன்படுத்துவது இரண்டும் சேர்ந்த ஒன்றை. சோதனையும் சேர்த்தே நடக்க வேண்டும், நாம் வேலை செய்யும் வெப்பநிலையிலேயே நடக்க வேண்டும். திரும்பி வரும் தாளில், தேறியது என்ற ஒற்றைச் சொல்லைவிட, எந்தப் புள்ளியில் எவ்வளவு விலகல், அதில் எவ்வளவு ஐயப்பாடு என்ற எண்களே நமக்குப் பயன்படும்.

அண்ணனின் மீட்டரை விற்ற கடை வேறொன்றை மாற்றிக் கொடுத்தது. அதில் செம்புக் கம்பிச் சோதனையை அவர் கடையிலேயே நின்று செய்து பார்த்துத்தான் வாங்கினார். என் மீட்டரின் முதுகில் இப்போது ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மீட்டரோடு எப்போதும் சேர்ந்தே இருக்கும் அதே கம்பியை ஐஸில் இறக்கி, தேதியையும் எண்ணையும் அதில் எழுதுகிறேன். நான்கு வரிகள் ஆகியிருக்கின்றன: 0.3, 0.3, 0.2, 0.3.